ப்ரீபோன்னு தைரியமா எழுதலாமா? எங்க எழுதலாம், எங்க வேணாம்

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வெளிநாட்டு க்ளையன்டுக்கு மெயில் போட்டேன், வியாழக்கிழமை மீட்டிங்க செவ்வாய்க்கு ப்ரீபோன் பண்ணிக்கலாமான்னு, அதாவது ரெண்டு நாள் முன்னாடியே வெச்சுக்கலாமான்னு. ஒரே வரில ரிப்ளை வந்துச்சு, "போஸ்ட்போன்னு சொல்ல வந்தீங்களா?" மனுஷன் நான் டைப்பிங்ல சொதப்பிட்டேன்னு நினைச்சுட்டார். எனக்கு அன்னைக்குதான் தெரியும், நாம காலேஜ்ல இருந்து எக்ஸாம் ப்ரீபோன் ஆயிடுச்சுடான்னு அலறிக்கிட்டு இருக்கற வார்த்தைய வெளியூர்ல பல பேர் கேள்விப்பட்டதே இல்லன்னு.

அதுக்காக அது தப்பான வார்த்தைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. லத்தீன்ல போனெரேன்னா போடு, வை. போஸ்ட்னா பின்னாடி, ப்ரேன்னா முன்னாடி. நாம தள்ளிப்போடுன்னு சொல்றோமே, அந்தப் "போடு"தான் போஸ்ட்போன்ல இருக்கற போன், அதே போன்தான் ப்ரீபோன்லயும். இன்னொன்னு, இது முழுக்க நம்ம ஊர் கண்டுபிடிப்புன்னு பெருமைப்படறவங்களுக்கும் ஒரு ஏமாற்றம் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்‌ஷனரி 1549-லயே இந்த வார்த்தைய காட்டுது, ஆனா அப்ப அர்த்தம் எதையோ தனக்கு முன்னால வைக்கறது, அது அப்படியே வழக்கொழிஞ்சு போச்சு. இப்ப நாம சொல்ற அர்த்தத்துல 1913-ல நியூயார்க் டைம்ஸுக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்துல இருக்கு, போஸ்ட்போனுக்கு ஒரு போட்டி வார்த்தை வேணும்னு கேட்டு எழுதியிருந்தார். அங்க யாரும் கண்டுக்கல, நாமதான் எடுத்து வளர்த்தோம், அதனாலதான் டிக்‌ஷனரில பக்கத்துலயே இந்திய ஆங்கிலம்னு ஒரு குறிப்பு நிக்குது.

சரி எப்படி எழுதறது. ஏற்கெனவே தேதியோ நேரமோ குறிச்ச விஷயத்துக்கு மட்டும்தான் இது. ஆவணில வெச்சிருந்த கல்யாணத்த, பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு ஆடி பொறக்கறதுக்குள்ள ஆனிலயே முடிச்சுடலாம்னு இழுத்தாங்கன்னா அது ப்ரீபோன். தேதியே குறிக்காம சீக்கிரம் கல்யாணம் பண்ணா அது ப்ரீபோன் இல்ல, அவசரம். அதே மாதிரி இன்னைக்கு ஆபீஸுக்கு ப்ரீபோனா வந்துட்டேன்னும் சொல்லக்கூடாது, அதுக்கு ஏர்லிதான்.

நம்மாளுங்க அதிகமா தப்பு பண்றது எங்கன்னா, தமிழ்ல "கல்யாணம் ப்ரீபோன் ஆயிடுச்சு"ன்னு சொல்ற பழக்கத்துல இங்கிலீஷ்லயும் தி வெட்டிங் ப்ரீபோன்ட்னு எழுதிடறோம். கல்யாணம் தானா நகராது, யாராவது நகர்த்தணும், அதனால தி வெட்டிங் ஹேஸ் பீன் ப்ரீபோன்ட். புதுத் தேதிக்கு "டு" போடுங்க, எவ்வளவு முன்னாடின்னு சொல்ல "பை" போடுங்க, பை டூ டேஸ் மாதிரி. ப்ரீபோன்மென்ட்னு ஒன்னு சர்க்குலர்ல எல்லாம் சுத்துது, எனக்குப் பிடிக்கல, எழுதறவங்க எழுதிக்கோங்க.

ஆள் யாருன்னு பாத்து எழுதுங்க. நம்ம நாட்டு ஆபீஸ், காலேஜ், சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்னா ப்ரீபோன் தாராளமா. பிரிட்டன்காரங்களுக்கு பிரிங் ஃபார்வர்ட், அமெரிக்காக்காரங்களுக்கு மூவ் அப். ஆனா மூவ் ஃபார்வர்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். புதன்கிழமை மீட்டிங்க ரெண்டு நாள் மூவ் ஃபார்வர்ட் பண்ணியாச்சு, இப்ப என்னைக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவங்ககிட்டயே கேட்டுப் பாத்திருக்காங்க, சில பேர் திங்கள்ங்கறாங்க சில பேர் வெள்ளிங்கறாங்க. நம்ம ப்ரீபோன்ல இந்தக் குழப்பமே கிடையாது பாருங்க, அந்த வகைல அவங்க வார்த்தைய விட நம்ம வார்த்தை எவ்வளவோ மேல்.

இப்பல்லாம் நான் எந்த வார்த்தை போட்டாலும் பழைய தேதி, புதுத் தேதி ரெண்டையும் கிழமையோட சேர்த்து எழுதிடறேன், வியாழன் 14-ல இருந்து செவ்வாய் 12-க்குன்னு. அந்த க்ளையன்ட் அதுக்கப்புறம் ஒரு தடவ கூட திருப்பிக் கேக்கல, போன மாசம் அவரே ப்ரீபோன் பண்ணலாமான்னு மெயில் அனுப்பறார்.