எச்.ஐ.வி. விஷயத்தில் நாமக்கல் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல், ஒரு காலத்தில் எச்.ஐ.வி. அதிகமுள்ள மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளில் 100 பேருக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்தால், அந்த மாவட்டம் அதில் சேரும். வீட்டை விட்டு எங்கும் போகாத பெண்களுக்கும் தொற்று வரும். ஆகவே 'அது லாரிக்காரங்க நோய்' என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. அந்தப் பேச்சு ஓட்டுநர்களை அவமானப்படுத்துகிறது, மற்றவர்களை அசட்டையாக இருக்க வைக்கிறது.

'ஆளைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்' என்பது அடுத்தது. தெரியாது. தொற்றிய பிறகு பல வருடங்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். எய்ட்ஸ் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும், ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் முழுமையான புரிதல் இருந்தது பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம் பேருக்கு மட்டுமே. கொசு கடித்தால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது என்பதுகூடப் பலருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது பரிசோதனையில் நடக்கும் தவறு. ஆணுறை இல்லாமல் உறவு கொண்டுவிட்டு, மறுநாளே ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கிருமி பரிசோதனையில் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை ஆணுறை கட்டாயம். அந்த மறுநாளில் செய்ய வேண்டிய வேலை வேறு. 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால், தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை தொடங்குவார், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. இன்னும் சிலர், ரத்ததானம் செய்தால் டெஸ்ட் இலவசமாக ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தொற்று புதிதாக இருந்தால் பரிசோதனையில் தப்பி, அந்த ரத்தம் இன்னொருவர் உடலுக்குப் போகக்கூடும்.

சரி, பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்? எல்லாம் முடிந்தது என்று ஊரை விட்டுப் போவதும், கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்துவதும் பெரிய தவறுகள். கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை அரசு மையங்களில் இலவசம். தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனைக்குக் காசில்லை. 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, பொதுவாக உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவை வெளியே சொல்லக்கூடாது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்கினால், திருச்செங்கோட்டுக்காரர் சேலத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1097 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.