டிடெக்டர் தரவுக்கு நிரல் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரை ஒட்டி 2017-இல் செயல்படத் தொடங்கிய யூரோப்பியன் எக்ஸ்ஃபெல் என்ற எக்ஸ்-கதிர் லேசர் ஆய்வகத்தில் நொடிக்கு 27,000 எக்ஸ்-கதிர்த் துடிப்புகள் வரை கிடைக்கும். அவை சீரான இடைவெளியில் வருவதில்லை. நொடிக்கு 10 டிரெய்ன், அதாவது துடிப்புகளின் தொடர். ஒவ்வொரு டிரெய்னிலும் 2,700 துடிப்புகள் வரை, 220 நானோ நொடிக்கு ஒன்றாக வரும். அங்கே எக்ஸ்-கதிர்ப் படங்களைப் பதிவுசெய்யும் ஏஜிஐபிடி டிடெக்டரில் 16 மாட்யூல்கள் (தனித்தனிப் பகுதிகள்), மொத்தம் பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமான பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் 352 நினைவு அறைகள். டிரெய்ன் ஓடும்போது படங்களை அவற்றில் பிடித்துவைத்து, அடுத்தது வருவதற்குள் வெளியே அனுப்பிவிடும். நொடிக்கு 3,520 படங்கள், பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால் நொடிக்கு 14 ஜிபிக்கும் மேல்.

இவ்வளவு வேகம் என்றதும் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நிரல் மெதுவாக ஓடினால் உடனே தெரிந்துவிடும். சத்தமே இல்லாமல் தப்பான விடை தரும் நிரல்தான் ஆபத்து.

முதல் தவறு, வரிசை எண்ணை நம்புவது. 16 மாட்யூல்களின் தரவும் தனித்தனிக் கோப்புகளில் சேர்கிறது. ஒரு மாட்யூலில் ஒரு டிரெய்ன் விடுபட்டால், அந்தக் கோப்பில் அதற்குப் பிறகுள்ள எல்லாமே ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடும். ‘நூறாவது டிரெய்னைக் கொடு’ என்று 16 கோப்புகளிலும் கேட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, படமும் வந்துவிடும். ஆனால் துடிப்புக்கு ஒரு புதுப் படிகம் என்று ஓடும் சோதனையில், அந்தப் படத்தின் ஒரு துண்டு வேறொரு படிகத்துடையதாக இருக்கும். எப்போதும் டிரெய்ன் எண், துடிப்பு எண் இரண்டையும் வைத்தே பொருத்துங்கள். விடுபட்ட இடத்தில் பூஜ்யம் போடாமல் நேன் (NaN, ‘எண் அல்ல’ என்ற குறி) மதிப்பைப் போடுங்கள். பூஜ்யம் என்றால் ஒளி விழவில்லை என்று அர்த்தம். நேன் என்றால் அளவீடே இல்லை. சராசரி எடுக்கும்போது இந்த வித்தியாசம் முடிவையே மாற்றிவிடும்.

அடுத்தது இருள் அளவீடு. எக்ஸ்-கதிர் இல்லாமல் எடுத்த படங்களை மொத்தமாகச் சராசரியாக்கி, அந்த ஒரே படத்தை எல்லாவற்றிலிருந்தும் கழிக்கிறார்கள். ஆனால் 352 அறைகளுக்கும் தனித்தனி அடிமட்ட அளவு உண்டு. போதாததற்கு மூன்று கெயின் (சமிக்ஞைப் பெருக்க) நிலைகள். பிக்சல், அறை, நிலை என்று பெருக்கினால் 110 கோடி எண்கள் தேவை. இதைச் சுருக்கினால் வரும் பிழை வெறும் இரைச்சலாக இருந்தால்கூடப் பரவாயில்லை. டிரெய்னுக்குள் நேரம் நகர நகர அறை எண்ணும் மாறுவதால், அறைகளுக்கு இடையிலான வேறுபாடு, ஆய்வு செய்யும் பொருளே காலப்போக்கில் மாறுவதுபோலக் காட்டும். நேரத்தைச் சார்ந்த மாற்றத்தைத் தேடி வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி கிடையாது.

கழித்தலிலும் ஒரு குழி இருக்கிறது. கச்சாத் தரவு குறியில்லாத 16 பிட் முழு எண், அதாவது 0 முதல் 65,535 வரை மட்டுமே. பைதான் மொழியின் கணித நூலகமான நம்பையில் அதே வகையில் 5,000-இலிருந்து 5,003-ஐக் கழித்தால் −3 வராது, 65,533 வரும். அணிகளில் எச்சரிக்கைகூட வராது. இருண்ட பிக்சல் பளீரென்று மின்னும். முதலில் 32 பிட் ஃப்ளோட்டாக (தசம எண் வகை) மாற்றிக்கொள்ளுங்கள். 64 பிட் போட்டால் நினைவகம் வீணாக இரட்டிப்பாகும்.

இன்னொரு தவறு: சோதனை ஓடும்போதே படங்களைக் காட்டும் நேரலைத் திரை எந்தக் காரணத்துக்காகவும் கோப்பு எழுதும் பகுதியைக் காத்திருக்க வைக்கக் கூடாது. டிடெக்டர் தரவு வரும் யுடிபி என்ற வலையமைப்பு முறையில் தவறிய தரவுப் பொட்டலம் திரும்ப வராது. திரை பின்தங்கினால் அது சில டிரெய்ன்களை விட்டுவிடட்டும்.

அப்புறம் சோதனை. வட்டிலுள்ள ஒரு நல்ல கோப்பை நிதானமாகப் படித்துப் பார்ப்பது சோதனையே அல்ல. பழைய தரவை நொடிக்கு 10 டிரெய்ன் வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டுங்கள். நடுவில் ஒரு மாட்யூலை வேண்டுமென்றே நிறுத்துங்கள், வேறொன்றில் சில டிரெய்ன்களை நீக்குங்கள். நீக்கிய இடங்களில் மட்டும் நேன் வருகிறதா, மற்ற மாட்யூல்களின் டிரெய்ன் எண்கள் அப்படியே பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.