மருந்துக்கடை மாத்திரை புது வைரஸைத் தடுக்குமா? கணினியில் சோதித்துப் பார்க்க முதல் பாடம்

ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மருந்து என்றால், மனித உடம்பு அதை எவ்வளவு தாங்கும் என்பது முன்பே தெரியும். புதிதாக ஒன்றை உருவாக்கும் பல வருட உழைப்பு அதனால் மிச்சமாகும். வைரஸுக்கு எதிராகப் பழைய மருந்துகளைத் துழாவுவதற்கு இதுதான் காரணம். நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதே வரிசையில் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் எதைத் தடுக்கப் போகிறோம் என்று பார்ப்போம். மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் பூக்காரம்மா கையில் இருக்கும் மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொரோனா வைரஸும் தனக்கு வேண்டிய பல புரதங்களை ஒரே நீளச் சரமாகத்தான் கட்டுகிறது. அதை 11 இடங்களில் நறுக்குவது முதன்மை புரோட்டியேஸ் என்ற நொதி. நறுக்கு விழாவிட்டால் வைரஸ் பெருகாது. இந்தக் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் ஹிஸ்டிடின் 41, சிஸ்டீன் 145 (நொதிச் சங்கிலியில் 41-ஆவது, 145-ஆவது இடங்களில் இருக்கும் அமினோ அமிலங்கள்). அலகுகளுக்கு நடுவே குச்சி செருகுவதுபோல் ஒரு மருந்து மூலக்கூறு போய் உட்காருமா என்று கணித்துப் பார்ப்பதுதான் டாக்கிங்.

சாதாரண லேப்டாப் போதும். டாக்கிங் செய்ய ஆட்டோடாக் வினா, கோப்புகளைத் தயார்செய்ய ஆட்டோடாக் டூல்ஸ், கோப்பு வடிவத்தை மாற்ற ஓப்பன் பேபல், திரையில் பார்க்கக் கைமெரா. படிப்புக்கு எல்லாமே இலவசம்.

படி 1: புரதத்தை இறக்குங்கள்

புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் 6டபிள்யூ63 (6W63) என்று தேடுங்கள், அது இந்த நொதியின் அமைப்பு. பலரும் இதே நொதியின் இன்னொரு அமைப்பான 6எல்யூ7-ஐ (6LU7) எடுப்பார்கள். அது 2020 தொடக்கத்திலேயே வந்த புகழ்பெற்ற அமைப்புதான். ஆனால் அதில் இருக்கும் என்3 என்ற தடுப்பான் சிஸ்டீன் 145-உடன் வேதிப்பிணைப்பே போட்டுக்கொண்டிருக்கிறது. வினா அப்படிப்பட்ட பிணைப்பைக் கணக்கிடாது. 6டபிள்யூ63-இல் உள்ள எக்ஸ்77 என்ற தடுப்பான் பிணைப்புப் போடாமல் சும்மா பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. கற்றுக்கொள்ள அதுவே தோது.

படி 2: சுத்தம் செய்யுங்கள்

தண்ணீர் மூலக்கூறுகளை நீக்குங்கள். எக்ஸ்77-ஐத் தனிக் கோப்பாகப் பிரித்து வையுங்கள், அழித்துவிடாதீர்கள். புரதத்துக்கு ஹைட்ரஜன் சேர்த்து, வினா படிக்கும் பிடிபிக்யூடி (PDBQT) கோப்பு வடிவில் சேமியுங்கள்.

படி 3: மருந்துகளைச் சேருங்கள்

வேதிப்பொருட்களின் தகவல் தளமான பப்கெம்மில் ஒவ்வொரு மருந்துக்கும் முப்பரிமாணக் கோப்பு கிடைக்கும். கூடவே குளோரைடு, சோடியம் மாதிரி உப்பு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஓப்பன் பேபலில் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம்.

படி 4: பெட்டி போடுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். மருந்தை எந்த இடத்துக்குள் தேட வேண்டும் என்று வினாவுக்கு ஒரு பெட்டி வரைந்து காட்டுகிறோம். எக்ஸ்77 இருந்த இடத்தின் நடுப்புள்ளியே பெட்டியின் நடுப்புள்ளி. பக்கத்துக்கு 22 ஆங்ஸ்ட்ராம் (அணுக்களை அளக்கும் நீள அலகு) வைத்துத் தொடங்கலாம்.

ஒரு மாணவன் மொத்தப் புரதத்தையும் வளைத்துப் பெட்டி போட்டுவிட்டான். "அக்கா, மைனஸ் ஒன்பதுக்கிட்ட வந்துருச்சுக்கா!" என்று குதித்தான். வினா தரும் பிடிப்பு மதிப்பு அது, கீழே இறங்க இறங்க நல்லது.

"எங்கிட்டுப் போய் உக்காந்திருக்குன்னு பாத்தியாடா?"

திரையில் திருப்பிப் பார்த்தோம். மருந்து கத்தரியின் அலகுப் பக்கமே வரவில்லை, பின்னால் ஒரு பள்ளத்தில் கிடந்தது. இந்த நொதி உடம்புக்குள் இரட்டையாகச் சேர்ந்துதான் வேலை செய்யும். கோப்பில் ஒரு பாதி மட்டுமே இருக்கிறது. மருந்து கிடந்த பள்ளம் இன்னொரு பாதி வந்து ஒட்டும் இடம். நிஜத்தில் அங்கே காலியிடமே கிடையாது. எண் அழகாக இருந்தது, இடம்தான் பொய். அவன் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து எண்ணைப் பார்க்கும் முன்னால் படத்தைத் திறப்பவன் அவன்தான்.

படி 5: தெரிந்த விடையை வைத்துச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிரித்து வைத்த எக்ஸ்77-இன் வடிவத்தைப் புதிதாக உருவாக்கி, அதே பெட்டிக்குள் டாக் செய்யுங்கள். வினா காட்டும் இடத்தையும் இறக்கிய கோப்பில் (படிகத்தை ஆராய்ந்து கண்டது) இருந்த இடத்தையும் ஒப்பிட்டு ஆர்எம்எஸ்டி கணக்கிடுங்கள், அதாவது அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவு. ஒன்றை நகர்த்தி மற்றதன்மேல் பொருத்திவிட்டுக் கணக்கிட்டால் அது ஏமாற்று, இருக்கிற இடத்திலேயே அளக்க வேண்டும். 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் உங்கள் ஏற்பாடு சரி. வரவில்லையா? பெட்டியையும் ஹைட்ரஜன்களையும் மறுபடி பாருங்கள். மருந்துப் பட்டியலை அதுவரை தொடவே வேண்டாம்.

படி 6: ஓட்டுங்கள், படியுங்கள்

வினா வழக்கமாக ஒரு மருந்துக்கு 9 நிலைகள் வரை தரும். மதிப்பு மோலுக்கு இத்தனை கிலோகலோரி என்ற அலகில் வரும். எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு இறுக்கமான பிடிப்பு என்று கணிப்பு. தேடலில் தற்செயலும் கலந்திருப்பதால், தேடலைத் தொடங்கி வைக்கும் எண்ணை (seed) மாற்றி மூன்று தடவை ஓட்டுங்கள்.

பெரிய மூலக்கூறுக்கு அணுக்கள் அதிகம், ஒட்டும் இடமும் அதிகம். அதனாலேயே மதிப்பு இன்னும் கீழே இறங்கும். ஆகவே ஒவ்வொரு மருந்தையும் கிட்டத்தட்ட அதே அளவுள்ள, இந்த நொதியோடு சம்பந்தமில்லாத மருந்துகளோடு வைத்துப் பாருங்கள். அவையும் அதே மதிப்பு வாங்கினால் உங்கள் மருந்துக்கு அங்கே தனிச்சிறப்பு இல்லை.

நல்ல எண் வந்துவிட்டால் மட்டும் அது நோயைத் தீர்க்கும் என்று ஆகிவிடாது. எச்ஐவி மருந்தான லோபினாவிர் 2020-இல் கொரோனாவுக்கு எதிராகப் பெரிய நம்பிக்கை தந்தது. பிரிட்டனின் ரெகவரி என்ற மருத்துவச் சோதனையில் 1,616 கோவிட் நோயாளிகளுக்கு அதை ரிட்டோனாவிர் என்ற இன்னொரு எச்ஐவி மருந்துடன் சேர்த்துக் கொடுத்தார்கள். 28 நாளில் அவர்களில் 23 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம். அந்தச் சமயத்தில் மேலூரிலிருந்து சித்தி போன் செய்து, "கம்ப்யூட்டர்ல நல்லதுன்னு வந்துருக்காமே, வாங்கி வச்சுக்கட்டுமாப்பா?" என்று கேட்டார். வேண்டாம் சித்தி, டாக்டர் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள் என்றேன். உங்கள் பட்டியலைப் பார்த்து யாராவது கேட்டாலும் பதில் இதுதான்.

படி 7: ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்

மேலே வந்த ஐந்தாறு மருந்துகளை நொதிச் சோதனை செய்யும் ஆய்வகத்தாரிடம் கொடுங்கள். நொதியைத் தடுத்தால் அடுத்து வைரஸ் தொற்றிய செல்கள். அங்கே வைரஸைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான மாத்திரை அளவில் அந்த மருந்து ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பது பழைய ஆய்வுகளில் இருக்கும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ரத்தத்தில் சேர்வது அதை எட்டாவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த மருந்துக்குப் போங்கள்.