முதல் தடவையா வீட்ட விட்டு மூணு வாரம்: 13 வயசுப் பிள்ளைய சம்மர் ப்ரோகிராமுக்கு ரெடி பண்றது எப்படி

பீஸ் கட்றதுக்கு முன்னாடி காலண்டர எடுத்து வச்சுக்கங்க. நம்ம சிங்கப்பூர்ல ஜூன் லீவு நாலு வாரம், ஜூன் கடைசியில முடிஞ்சிரும். அமெரிக்காவுல யூனிவர்சிட்டி கேம்பஸ்ல தங்கிப் படிக்கிற ப்ரோகிராம் நெறைய ஜூன் கடைசியிலதான் ஆரம்பிக்குது, மூணு வாரம் ஓடும், அதாவது இங்க டெர்ம் 3 தொடங்கி எல்லாரும் யூனிஃபார்ம் போட்டுட்டு பஸ் ஏறுற நேரத்துல உங்க பிள்ள அங்க இருக்கும். மிட் இயர் எக்ஸாமத்தான் ஸ்கூல்ல நிறுத்திட்டாங்களே, என்ன பெருசா மிஸ் ஆகப்போகுதுன்னு நெனைக்காதீங்க, டெர்ம் 3ல வெயிட்டட் அசெஸ்மென்ட், அதாவது வருஷ மார்க்ல சேர்ற டெஸ்ட் வரும், உயர்நிலை 2ன்னா அடுத்த வருஷத்துக்கு என்ன பாடம் எடுக்கலாம்ங்கறதும் அந்த மார்க்க வச்சுத்தான். அதனால மார்ச் லீவுக்கு முன்னாடியே ஃபார்ம் டீச்சருக்கு ஈமெயில் போட்டு லீவு கிடைக்குமான்னு கேட்டுருங்க. கிடைக்காதுன்னா ஜூன் லீவுக்குள்ளயே முடியற ப்ரோகிராமா தேடுங்க, இங்கயும் பக்கத்து நாடுகள்லயும் இருக்கு, அத மட்டம்னு நெனைக்க வேண்டியதே இல்ல.

இது டியூஷன் கிடையாதுங்கறத பெத்தவங்க மொதல்ல புரிஞ்சுக்கணும். இந்த மாதிரி ப்ரோகிராமுக்கெல்லாம் முன்னோடின்னா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யூனிவர்சிட்டியோட சென்டர் ஃபார் டேலண்டட் யூத்தச் சொல்லலாம், 1979ல ஜூலியன் ஸ்டான்லிங்கற சைக்காலஜி ப்ரொஃபசர் ஆரம்பிச்சது. அவர் பார்த்தது என்னன்னா, சில பிள்ளைங்களுக்கு கிளாஸ்ல நடத்துற வேகம் பத்தல, அவங்க வேகத்துக்கு ஓட விட்டா சந்தோஷமா ஓடறாங்க. அதே மாடல்லதான் இப்பவும் போகுது: இருக்கிற நாள் முழுக்க ஒரே ஒரு பாடம், காலையிலயும் மத்தியானமும் கிளாஸ், சாயங்காலம் விளையாட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் படிப்பு, ராத்திரி டார்ம்ல, அதாவது கேம்பஸ் ஹாஸ்டல்ல தூக்கம். பல இடத்துல மார்க்கே கிடையாது, கடைசியில டீச்சர் உங்க பிள்ள எப்படி யோசிச்சான், எங்க தயங்கினான்னு ரிப்போர்ட்டா எழுதித் தருவாங்க. தொடக்கநிலை 6 முடிவுல வர்ற பிஎஸ்எல்இ பரீட்சைய முடிச்சு வந்த பிள்ளைக்கு மார்க் இல்லாம ஒரு விஷயத்தப் படிக்கலாம்ங்கறதே புதுசா இருக்கும், நம்மள மாதிரி பெத்தவங்களுக்கு அதவிடப் புதுசு!

அதனால பாடத்த பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இத நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அப்பாவுக்கு கோடிங் புடிக்கும்னு கோடிங் கிளாஸ்ல போட்டு, பையனோ தத்துவமோ, ரகசியக் குறியீடு பத்தின கிரிப்டோகிராஃபியோ படிக்க ஆசப்பட்டிருந்தான்னா, நாளுக்கு அஞ்சு மணி நேரம் புடிக்காத பாடத்தோட உக்காரணும், ராத்திரி வீட்டு ஞாபகம் வரும்போது புடிச்சுக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. வீட்டு ஏக்கத்தப் பத்தி அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்ங்கற குழந்தை டாக்டர்கள் சங்கம் 2007ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, அதுலயும் இதேதான்: போறதா வேணாமாங்கற முடிவுல பிள்ளைக்கும் பங்கு இருந்தா ஏக்கம் கொறையும், தன்ன வலுக்கட்டாயமா அனுப்பிட்டாங்கன்னு தோணினா அதிகமாகும். "நான் போகல"ன்னு பிள்ள தெளிவாச் சொன்னா இந்த வருஷம் விட்ருங்க, அடுத்த வருஷமும் ஜூன் வரும்.

பேப்பர் வேலைய ரெண்டு நாள் உக்காந்து முடிச்சிருங்க. பாஸ்போர்ட்ல குறைஞ்சது ஆறு மாசமாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. என்ன விசா வேணும்னு ப்ரோகிராம் ஆஃபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்குங்க, டூர் போறப்போ ஈஸ்டாவுல, அதாவது விசா இல்லாம போக ஆன்லைன்ல வாங்கற அனுமதியில போனோமே அதுவே போதும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, கிளாஸ் நேரம், கிரெடிட் இதெல்லாம் வச்சு விசா மாறலாம். பிஆரா, அதாவது நிரந்தரவாசியா இருந்து இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களுக்கு விசா இன்டர்வியூ அப்பாய்ன்ட்மென்ட்டே லேட்டாக் கிடைக்கும், சீக்கிரம் ஆரம்பிங்க. பையனுக்கு 13 ஆயிருச்சுன்னா தேசிய சேவைக்காக வாங்கற எக்ஸிட் பெர்மிட் வேணுமான்னு நெறைய பேர் பதறுவாங்க, பல மாசம் வெளிநாட்டுல இருந்தாத்தான் வேணும், மூணு வாரத்துக்கு வேண்டாம். தடுப்பூசி ரெக்கார்ட் ஹெல்த்ஹப் ஆப்ல இருக்கு, அத எடுத்துக்கிட்டுப் போனா மெடிக்கல் ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்து போட வசதியா இருக்கும். மருந்தெல்லாம் ஒரிஜினல் டப்பாவுல, லேபிளோட இருக்கணும், போனதும் நர்ஸ்கிட்ட குடுத்துறணும்னு பொதுவா ரூல் இருக்கும், பாட்டி பையில சொருகிவிடற கோடாலித் தைலமும் பனடாலும் அதுல சேர்த்திதான். ஆஸ்துமா பிள்ளைங்கன்னா இன்ஹேலர கையிலயே வச்சுக்கலாமான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

இப்போ முக்கியமான வேலை. கிளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பிள்ளைய வீட்டுலயே தன் வேலைய தானே பார்த்துக்கப் பழக்குங்க. நம்ம வீடுகள்ல ஹெல்பர் அக்கா துணி மடிச்சு கட்டில்ல வச்சிருவாங்க, இல்லன்னா அம்மா செஞ்சிருவோம், அதனால நல்லா படிக்கிற பிள்ளைக்குக்கூட வாஷிங் மெஷின்ல சோப்பு எங்க போடறதுன்னு தெரியாது. வாரா வாரம் தன் துணிய தானே துவைச்சு, காய வச்சு, மடிக்கட்டும். காலையில யாரும் எழுப்பாதீங்க, அலாரம் வச்சு எந்திரிக்கட்டும், ஒரு நாள் லேட்டானா லேட்டாகட்டும். வாரத்துக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து, சாப்பாடு, பஸ், நடுவுல குடிக்கிற பபிள் டீ எல்லாம் அதுக்குள்ளயே பார்த்துக்கச் சொல்லுங்க. அப்புறம் வெளில தங்கிப் பழகணும். தொடக்கநிலை 5ல ஸ்கூல் கேம்ப் போயிருப்பாங்க, ஆனா அங்க கூட இருந்தது எல்லாம் தெரிஞ்ச முகம், அத கணக்குல எடுத்துக்காதீங்க. ஜோகூர்ல சித்தப்பா வீடோ ஈசூன்ல அத்தை வீடோ, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பி ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க, நடுவுல போன் பண்ணாதீங்க. அந்த 2007 ரிப்போர்ட்லயும் இந்த மாதிரி பழகிப் பார்க்கச் சொல்லிருக்காங்க. திரும்பி வந்ததும் "அழுதியா"ன்னு கேக்காதீங்க, எது கஷ்டமா இருந்துச்சு, அப்போ என்ன பண்ணினன்னு கேளுங்க, அந்த பதில்தான் அங்க உதவும்.

பெட்டி கட்றப்போ பிள்ளையே கட்டட்டும், நீங்க லிஸ்ட்ட மட்டும் வாசிங்க. அங்க கட்டில் ட்வின் எக்ஸ்எல்னு நீளமா இருக்கும், நம்ம சிங்கிள் பெட்ஷீட் சரியாப் பொருந்தாது, ப்ரோகிராம்ல பெட்ஷீட் குடுக்கறாங்களான்னு கேட்டுக்கங்க. கரண்ட் அங்க 120 வோல்ட், பிளக்கும் வேற, போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும், ஆனா முடி காய வைக்கிற டிரையர இங்கருந்து கொண்டுபோனா ஒழுங்கா வேலை செய்யாது. கிளாஸ் ரூம் ஏசி குளிரும், ஒரு ஜாக்கெட் வைங்க. பொது பாத்ரூம், அதனால ஸ்லிப்பரும் சோப்பு, பிரஷ்ஷெல்லாம் போட்டு எடுத்துட்டுப் போக ஒரு பையும் கட்டாயம். பொண்ணுங்களுக்கு பீரியட் ஆரம்பிக்கலன்னாலும் பேட் வச்சு அனுப்புங்க, எப்படி யூஸ் பண்றதுன்னு வீட்டுல சொல்லிக் குடுத்திருங்க, புது ஊர்ல புது ஆளுங்ககிட்ட கேக்க பிள்ள கூச்சப்படும். திங்கறதுக்குன்னு மாமிசம் கலந்தது எதையும் வைக்காதீங்க, அமெரிக்கா கஸ்டம்ஸ்ல பழம், கருவேப்பிலை, கறி சேர்ந்த இன்ஸ்டன்ட் மீ எல்லாம் பிரச்சன. முஸ்தஃபா கடையில சீல் பண்ணின பருப்புப்பொடி ஒரு பாக்கெட் வாங்கி வைங்க, கஸ்டம்ஸ்ல உணவு இருக்குன்னு மறைக்காம சொல்லச் சொல்லுங்க, அது போதும்.

டைனிங் ஹால் சாப்பாடு ருசியாவே இருந்தாலும் நாலாவது நாள் ரசம் சாதம் கேக்கும், அது சகஜம். ஆனா சைவம் சாப்பிடறவங்களும் ஹலால் பார்க்கறவங்களும் சில விஷயம் பிள்ளைக்குச் சொல்லியே ஆகணும். பெப்பரோனியில பெரும்பாலும் பன்னிக்கறியும் மாட்டுக்கறியும் இருக்கும், கேம்ப்ஃபயர்ல சுட்டுத் தர்ற மார்ஷ்மெலோவுலயும் ஜெல்லியிலயும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், பீன்ஸ்ல பேக்கன் போட்டிருப்பாங்க, சூப் தண்ணி கோழியில வேக வச்சதா இருக்கலாம். "இதுல என்ன இருக்கு"ன்னு கவுண்டர்ல கேக்கறது தப்பில்லன்னு வீட்டுலயே பழக்குங்க, ஹாக்கர் சென்டர்ல நீங்க ஆர்டர் பண்ணாம அவங்களையே பேச விடுங்க.

வீட்டு ஏக்கம் வரும். நல்ல பிள்ளைக்கும் வரும், தைரியசாலிக்கும் வரும், பெரும்பாலும் மொத ரெண்டு மூணு நாள் சாயங்காலத்துலதான். பகல்ல கிளாஸ் இருக்கு, ஓடிட்டே இருப்பாங்க, ராத்திரி லைட் அணைச்சதும்தான் வீடு ஞாபகம் வரும். அதுக்குத் தயார் பண்றதுன்னா, அப்படி வரும், வந்தா இத இத செய்னு முன்கூட்டியே சொல்லி வைக்கிறது: நாளைக்கு என்னென்ன செய்யணும்னு எழுதுறது, ரூம்மேட்கிட்ட பேசறது, ஆர்ஏகிட்ட போய் சொல்றது. ஆர்ஏன்னா டார்ம்ல பிள்ளைங்களப் பார்த்துக்கற காலேஜ் அண்ணன் அக்கா மாதிரி, அவங்க இதுக்குத்தான் இருக்காங்க. ஒரு வார்த்த மட்டும் சொல்லவே கூடாது: "புடிக்கலன்னா சொல்லு, வந்து கூட்டிட்டு வந்துடறேன்." ஆறுதலா சொல்றோம்னு நெனைக்கிறோம், பிள்ளைக்கு அது "உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும்"னு கேக்கும், மொத அழுகையிலயே போன எடுக்கும்.

போன் விஷயத்துல நேர வித்தியாசம் உங்களுக்குச் சாதகம்தான். அமெரிக்காவோட கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில சரியா 12 மணி நேரம், இங்க ராத்திரி 9ன்னா அங்க காலைல 9, கிளாஸ் ஆரம்பிக்கிற நேரம், அப்போ கூப்பிடாதீங்க. பிள்ளைக்கு ஏக்கம் வர்ற ராத்திரி 9 மணிக்கு நீங்க இங்க ஆஃபீஸ்ல இருப்பீங்க. மொத ரெண்டு நாள் கழிச்சு, வாரத்துல ரெண்டு தடவ, சின்ன போன்னு பேசி வச்சுக்கங்க. அழுதா கேளுங்க, கூட அழாதீங்க, தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, பூனை சாப்பிடலன்னு வீட்டுக் கவலைய அங்க ஏத்தி அனுப்பாதீங்க. இன்னைக்கு கிளாஸ்ல என்ன பேசினீங்கன்னு கேளுங்க. தினமும் சரியா சாப்பிடல, தூங்கல, கிளாஸுக்கே போகலன்னு தெரிஞ்சா மட்டும் ப்ரோகிராம் ஆஃபீஸ்ல பேசுங்க, அந்த மாதிரி நெலம தாங்கிக்கற விஷயம் இல்ல.

பாதுகாப்பு பத்தி நேராப் பேசுங்க, சுத்தி வளைக்காதீங்க. பெரியவங்க யாரும், ஆர்ஏ, டீச்சர் யாரா இருந்தாலும், கதவ சாத்திட்டு தனியா கூப்பிட்டா போக வேண்டாம், உடம்பத் தொட்டா, ரகசியமா வச்சுக்கச் சொன்னா உடனே இன்னொரு பெரியவர்கிட்ட சொல்லணும், உங்களுக்கும் போன் பண்ணணும், அந்த ஒரு போனுக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது, நடுராத்திரியும் அடிக்கலாம். அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களும் ப்ரோகிராம்ல கேளுங்க: ஸ்டாஃபுக்கு பின்னணி செக் பண்றீங்களா, ராத்திரி மாடியில யார் இருப்பாங்க, டே ட்ரிப்ல எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள். பதில் மழுப்பலா வந்தா பணம் கட்டாதீங்க.

கூட இருக்கிறவங்க பேரத் தப்பா சொல்லுவாங்க, ரெண்டு தடவ பொறுமையா சொல்லிக் குடு, மூணாவது தடவையும் சொல்லிக் குடுன்னு பிள்ளைக்குச் சொல்லுங்க, பேரச் சுருக்கிக்கறதா வேணாமாங்கறத அவங்க முடிவுக்கு விட்ருங்க. விபூதி வச்சுக்கறதோ தொழுகையோ, நேரமும் இடமும் ஆர்ஏகிட்ட கேட்டா ஏற்பாடு பண்ணித் தருவாங்க.

திரும்பி வர்ற ஃபிளைட்டுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போடுங்க, ஃப்ரெண்ட்ஸ் குடுத்த சூயிங் கம்ம பையில போட்டுட்டு வந்திரப் போறாங்க, நம்ம ஊருக்குள்ள 1992லேர்ந்தே அத கொண்டுவரக்கூடாது. வந்தப்புறம் பகல் ராத்திரி மாறி இருக்கும், மறுநாளே ஸ்கூலுக்கு அனுப்பற மாதிரி டிக்கெட் போடாதீங்க, சனிக்கிழமை வந்து இறங்கற மாதிரி போட்டா ஒரு ஞாயித்துக்கிழமையாவது கிடைக்கும். விட்டுப்போன வொர்க்‌ஷீட்ட கிளாஸ்மேட்கிட்ட சொல்லி முன்கூட்டியே சேர்த்து வைங்க. ரெண்டு மூணு நாள் பிள்ள சோகமா, அங்க உள்ள ஃப்ரெண்ட்ஸோடயே சாட் பண்ணிட்டு இருக்கும், நம்மகிட்ட பேசவே மாட்டேங்குதேன்னு கோவப்படாதீங்க, ரசம் வச்சுக் குடுத்துட்டு பக்கத்துல உக்காருங்க, துணிய மட்டும் அதுவே துவைக்கட்டும்.