மகளின் உடல் முந்திக்கொண்டால்: மருத்துவரைப் பார்க்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

என் மகளுக்கு அப்போது ஏழு வயது எட்டு மாதம். குளித்துவிட்டு வந்தவளுக்குத் துவட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். துண்டு இடப்பக்க மார்பில் பட்டதும், "வலிக்கிறது அம்மா" என்று விலகினாள். தொட்டுப் பார்த்தேன். காம்புக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவில் கெட்டியாக ஏதோ இருந்தது. பூப்பு முந்துகிறது, வீட்டிலுள்ள ரசாயனங்கள்தான் காரணம் என்று பயந்து, அன்றிரவே வீட்டிலிருந்த பிளாஸ்டிக் டப்பாக்களை மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். வாசனைச் சோப்பைக் குப்பையில் போட்டேன். எல்லாம் என் தவறு என்று அழுதேன்.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் கேட்ட முதல் கேள்வி சோப்பைப் பற்றியதல்ல. "கடந்த ஓராண்டில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "அவளுடைய அப்பா எந்த வயதில் மளமளவென்று வளர்ந்தார்?" அதுவும் தெரியவில்லை. வெறுங்கையோடு போனதால் ஒரு சந்திப்பு வீணானது. அதனால்தான் சொல்கிறேன்: எதையும் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள்.

முதல் பக்கத்தில் தேதியும் உயரமும். வெறுங்காலோடு, குதிகாலும் முதுகும் சுவரில் பட நிற்க வையுங்கள். தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். மாலையில் உயரம் சற்றுக் குறையும். பழைய தடுப்பூசி அட்டை, பள்ளி மருத்துவப் பரிசோதனைச் சீட்டு எதிலாவது முந்தைய உயரம் இருந்தால் சேருங்கள். பூப்புக்கு முன் குழந்தை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். திடீரென்று அது ஏழு, எட்டு என்று ஏறினால் மருத்துவருக்கு அது பெரிய தகவல்.

மார்பைப் பார்க்கும்போது அவளைப் படுக்க வையுங்கள். வெறும் கொழுப்பானால் மெத்தென்று பரவிவிடும். மார்பு வளர்ச்சியின் தொடக்கமான மார்பு மொட்டு காம்புக்கு நேர் கீழே வட்டமாகக் கெட்டியாகத் தங்கும். ஒரு பக்கம் மட்டும் முதலில் வருவது இயல்புதான். பெண் குழந்தைகளுக்கு எட்டு முதல் பதின்மூன்று வயதுக்குள் மொட்டு தெரிவது வழக்கம். அதன்பின் முதல் மாதவிடாய்க்குப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். மொட்டைப் பார்த்ததும் நாளைக்கே வயதுக்கு வந்துவிடுவாள் என்று நான் நடுங்கியதற்கு அவசியமே இல்லை.

இரண்டாம் பக்கம் குடும்பம். இதைத்தான் நாம் பாதியோடு விட்டுவிடுகிறோம். எந்த வயதில் பூப்பு வரும் என்பதில் பாதிக்கும் மேல் மரபணுவின் பங்கு என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2024இல் வெளியான, ஏறத்தாழ எட்டு லட்சம் பெண்களை உள்ளடக்கிய ஆய்வு, முதல் மாதவிடாய் வயதோடு தொடர்புள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு இடங்களைக் கண்டது. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று அம்மாவின் வயதை மட்டும் கேட்டால் போதாது. இந்தச் சேலையில் தந்தை வழி நூலும் ஓடுகிறது. எம்கேஆர்என்3 என்ற மரபணு, மூளையில் பூப்பைத் தடுத்து நிறுத்தும் பிரேக் போன்றது. தந்தையிடமிருந்து வரும் பிரதி மட்டுமே வேலை செய்யும். அதில் பழுதிருந்தால் பூப்பு மிகவும் முந்தும் என்பது 2013இல் தெரியவந்தது. தந்தை அந்தப் பழுதைத் தன் தாயிடமிருந்து பெற்றிருந்தால் அவரிடம் அது வெளியே தெரியவே தெரியாது, மகளிடம் தெரியும்.

ஆகவே கூச்சம் பார்க்காமல் கேளுங்கள். ஆண்களிடம் குரல் உடைந்த வயது, சவரம் தொடங்கிய வயது. என் கணவர் ஏழாம் வகுப்பில் எல்லாரையும்விட உயரம், பத்தாம் வகுப்பில் நடு வரிசை. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நின்றவர் என்பதற்கு இது நல்ல அடையாளம். மாமியாரிடம் கேட்கத்தான் எனக்கு இரண்டு நாளாயிற்று. "பத்து வயது முடியும் முன்பே பெரியவளாகிவிட்டேன், இத்தனை வருடத்தில் நீதானம்மா முதலில் கேட்கிறாய்" என்றார்.

மூன்றாம் பக்கம்தான் சுற்றுச்சூழல். மரபணு மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கோபன்ஹேகனில் 1991இல் சராசரியாக 10.9 வயதில் தெரிந்த மார்பு வளர்ச்சி, 2006இல் அளந்தபோது 9.9க்கு இறங்கியிருந்தது. பதினைந்து ஆண்டில் மரபணுக்கள் மாறிவிடாது. இதில் வலுவான சான்று உடல் எடைக்குத்தான்: கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், உடலில் சேமிப்பு போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. அதற்காகக் குழந்தையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். ஓடி விளையாட்டும் ஒழுங்கான தூக்கமும் போதும்.

ரசாயனங்களில், கலிபோர்னியாவில் தாய்மார்களைக் கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்த ஆய்வு ஒன்றில், நறுமணப் பொருள்களில் சேரும் டைஎத்தில் தாலேட்டும் கிருமிநாசினியான ட்ரைக்ளோசானும் தாயின் உடலில் அதிகமிருந்தபோது மகள்களுக்குப் பூப்பு முந்தியது. ஈயம் இதற்கு நேர்மாறு. அது பூப்பைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் இவை பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். உங்கள் மகளுக்கு இந்தச் சோப்பால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் காட்டாது.

வீட்டில் முதலில் தேட வேண்டியது பெரியவர்களின் ஹார்மோன் களிம்பு. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவிய கை குழந்தையின் தோலில் பட்டாலே மருந்து உள்ளே போகும். அப்படி ஏதாவது இருந்தால் பெயரை எழுதி வையுங்கள். அடுத்து, பிளாஸ்டிக்கில் உணவைச் சூடாக்காதீர்கள்; வாசனை சேர்க்காத சோப்புக்கு மாறுங்கள். அவ்வளவே. நான் வாசலில் வைத்த மூட்டை திரும்ப உள்ளே வந்து, இப்போது அதில் கலர் பென்சில்கள் இருக்கின்றன.

எட்டு வயதுக்குள் மொட்டோ இரத்தப்போக்கோ தெரிந்தாலும், சில மாதங்களிலேயே மாற்றங்கள் வேகமாக ஓடினாலும் நோட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால் அன்றே செல்லுங்கள். பதின்மூன்று வயதாகியும் மொட்டு வராவிட்டாலும், பதினைந்தாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் காட்ட வேண்டும். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயதைப் பார்ப்பார்கள், இரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பூப்பை நிறுத்திவைக்கும் ஊசி உண்டு, எல்லாருக்கும் தேவைப்படாது. என் மகளின் எலும்பு வயது ஓராண்டு முன்னால் இருந்தது. "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று மருத்துவர் அனுப்பினார்.

அவளிடம் மறைக்காதீர்கள். "எனக்கு என்ன நோய் அம்மா?" என்று என் மகள் கேட்டாள். "நோயில்லை கண்ணு. பாட்டியின் உடம்பைப் போல உன் உடம்பும் கொஞ்சம் முன்னாடியே வளரத் தொடங்கியிருக்கிறது, அது சரியான வேகத்தில் போகிறதா என்று பார்க்கிறோம்" என்றேன். நேராகப் பாட்டியிடம் ஓடினாள். இப்போது புத்தகத்தைத் தலைமேல் பிடிப்பது பாட்டிதான். நோட்டில் எண்ணை அவளே எழுதுகிறாள். கடைசி வரி 129.4.