ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் தேடுவது எப்படி? 'செக்'கை வைத்துப் பார்ப்போம்

வங்கியில் கொடுப்பதும் செக், ரயிலில் டிக்கெட்டைப் பார்ப்பதும் செக், சட்டையில் போட்ட கட்டமும் செக். மூன்றும் வேறு வேறு சொற்கள் என்றுதான் தோன்றும், ஆனால் வேர் ஒன்றுதான்.

முதலில் எட்டிம்ஆன்லைன் (Etymonline) என்ற சொற்பிறப்பு அகராதித் தளத்தில் தேடுங்கள், இலவசம்தான், ஆண்டு வாரியாகப் பொருள் மாறியதைச் சொல்லும். என்னைக் கேட்டால் தொடங்க இதுதான் சரி. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய அகராதியான விக்சனரியை ஒத்துப்பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சொல்கதைகளை நம்பவே வேண்டாம்.

அடுத்து அகராதி. பலர் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். மாணவர்களுக்கான ஆக்ஸ்போர்டு அகராதி இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் போடும். மெரியம்-வெப்ஸ்டர் காலேஜியேட் பழைய பொருளை முதலில் போடும். இது தெரியாமல் முதல் வரியைப் படித்து அதுதான் மூலப்பொருள் என்று முடிவுகட்டினால் மொத்தமும் தலைகீழாகிவிடும். மெரியம்-வெப்ஸ்டரில் 'செக்' என்ற பெயர்ச்சொல்லுக்கு முதல் பொருள் செஸ் ஆட்டத்தில் ராஜா தாக்குதலில் மாட்டுவது. அதுதான் நூலின் முனை.

அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். அது அரபி வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய், 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. ராஜாவை மடக்கும் சொல் மெல்ல எதையும் தடுத்து நிறுத்துவதற்கானதாகி, பிறகு கட்டுப்படுத்துவது, சரிபார்ப்பது என்று விரிந்தது. நம் அரசியல் செய்திகளில் 'செக் வைத்தார்' என்று எழுதுகிறார்களே, அது அந்த அசல் பொருளுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

கட்டம் போட்ட துணிக்குப் பெயர் வந்தது செஸ் பலகையால். இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்ததும் அதே பலகையால்தான். அங்கே கணக்குப் பார்த்த மேசையில் செஸ் பலகை போலக் கட்டம் போட்ட துணி விரித்திருந்தது. 12ஆம் நூற்றாண்டில் கருவூலத்தின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்த மேசையை விவரித்திருக்கிறார்: பத்தடி நீளம், ஐந்தடி அகலம், கணக்குப் பார்க்க வைக்கும் காய்கள் கீழே விழாதபடி நான்கு விரற்கடை உயர விளிம்பு, மேலே கோடு போட்ட கருப்புத் துணி. அதில் காய்களை நகர்த்தித்தான் ராஜாவின் வரவு செலவைக் கணக்குப் பார்த்தார்கள். எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த இடம் இது.

பின்சேர்க்கை: வங்கி செக் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது 'சரிபார்ப்பது' கிளையிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் மோசடியைத் தடுக்க வைத்திருந்த, சீட்டின் அடிக்கட்டைக்குத்தான் (கவுன்டர்ஃபாயில்) முதலில் அந்தப் பெயர். அமெரிக்கர்கள் இன்றும் 'கே'யில் முடித்து எழுதுகிறார்கள். 'க்யூ' போட்டு எழுதும் பிரிட்டிஷ் வழக்கம் 'எக்ஸ்செக்கர்' எழுத்தைப் பார்த்து வந்தது, அதனால் தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.