கேட்வேயை அழித்துப் பாருங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. கீழ்த்தளக் கணினிகளிலிருந்து மாடிப் பிரிண்டருக்கு எதுவும் போகவில்லை என்று ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மாடியில் இருந்தவர்களுக்கு அதே பிரிண்டர் நன்றாக அச்சடித்துக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினேன், இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் பார்த்தால், பிரிண்டரில் கேட்வே முகவரி, அதாவது வேறு வலைக்கு அனுப்ப உதவும் ரவுட்டரின் முகவரி, காலி. கீழ்த்தளமும் மாடியும் வேறு வேறு வலைகள். அன்றிரவே அந்தப் பழுதை வீட்டில், வலைகளைத் திரையிலேயே கட்டிச் சோதிக்கும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளில் கட்டிப் பார்த்தேன். இன்றும் கற்க வருகிறவர்களுக்கு முதல் பாடமாக அதையே கொடுக்கிறேன்.

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் பாக்கெட் ட்ரேசர் இலவசம். ஒரு 2911 ரவுட்டர், இரண்டு 2960 ஸ்விட்சுகள், இரண்டு கணினிகள் போதும். ஒவ்வொரு கணினியையும் ஒரு ஸ்விட்ச் வழியாக ரவுட்டரின் ஒரு போர்ட்டில் இணையுங்கள். முதல் கணினிக்கு 192.168.10.10, இரண்டாவதற்கு 192.168.20.10. முகவரியில் வலையைக் குறிக்கும் பகுதி எது என்று காட்டும் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. ரவுட்டரின் இரு போர்ட்டுகளுக்கும் .1 என முடியும் முகவரிகளை (192.168.10.1, 192.168.20.1) கொடுங்கள். அவையே அந்தந்தக் கணினிக்குக் கேட்வே. இணைப்பின் முனையில் சிவப்பு முக்கோணம் பச்சையாக மாறவில்லையா? ரவுட்டர் போர்ட்டுகள் தொடக்கத்தில் மூடியே இருக்கும். ஒவ்வொன்றிலும் ‘நோ ஷட்டவுன்’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஸ்விட்ச் பக்கம் ஆரஞ்சு நிறம் சுமார் அரை நிமிடம் நிற்கும். வலையில் சுற்றுவழி உண்டா என்று ஸ்விட்ச் சோதிக்கும் நேரம் அது, பழுதல்ல.

இப்போது முதல் கணினியிலிருந்து இரண்டாவதற்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுங்கள். அது அனுப்பும் நான்கு பாக்கெட்டுகளில் முதலாவது தவறிப்போகும். அதைக் கண்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். எதிர்க்கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் முகவரி) ரவுட்டர் ஏஆர்பி என்ற விசாரணை முறை மூலம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த முதல் பாக்கெட் கைவிடப்படுகிறது. மற்ற மூன்றுக்கும் பதில் வரும்.

அடுத்து, பாக்கெட்டுகள் உறை வடிவில் படிப்படியாக நகர்வதைக் காட்டும் சிமுலேஷன் நிலைக்கு மாறி, வடிகட்டியில் ஏஆர்பி, ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) இரண்டை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும் முன்பும் உறை எங்கே போகும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் அழுத்தினால் அது வெறும் வேடிக்கை. ரவுட்டரைத் தாண்டிய உறையைத் திறந்து பாருங்கள்: ஐபி முகவரிகள் அப்படியே இருக்கும், மேக் முகவரிகள் இரண்டும் மாறியிருக்கும், டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்ற எண்) ஒன்று குறைந்திருக்கும். நான் பல பக்கங்கள் படித்தும் பிடிபடாதது இந்த ஓர் உறையில் விளங்கியது.

இனி இரண்டாம் கணினியின் கேட்வேயை அழித்துவிட்டு, முதல் கணினியிலிருந்து மீண்டும் பிங் கொடுங்கள். உறை ரவுட்டரைக் கடந்து இரண்டாம் கணினி வரை ஒழுங்காகப் போய்ச் சேரும். அங்கேயே நின்றுவிடும். பதில் சொல்ல அதற்கு விருப்பம் உண்டு, வழி தெரியவில்லை. முதல் கணினியில் தெரிவதோ ‘நேரம் கடந்தது’ என்ற செய்தி மட்டும். ஒரு குறையும் இல்லாத அந்த முனையைத்தான் நான் இரண்டு மணி நேரம் குடைந்துகொண்டிருந்தேன்.

அதைச் சரிசெய்த பின் இன்னொரு ரவுட்டரைச் சேர்த்து, ஸ்டாட்டிக் ரூட்டை (ரவுட்டருக்கு நாமே கையால் எழுதிக்கொடுக்கும் வழி) ஒரு பக்கம் மட்டும் எழுதிப் பாருங்கள். உறை எங்கே நிற்கும் என்று முதலில் தாளில் எழுதுங்கள்.